சதுரங்கப் பலகைக்குள் ஒரு 641

ஐயா,

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று போகும் கதையை என் மகளுக்குச் சொன்னேன். “மொத்தம் எத்தனை?” என்றாள். எக்செல்லில் 2-இன் 64-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழிக்கச் சொன்னேன். 18446744073709600000 என்று வந்தது. “ஒன்றைக் கழித்த பிறகும் எப்படிப் பூஜ்யத்தில் முடியும்?” என்று மடக்கிவிட்டாள். எது சரி? பெரிய எண் என்பதைத் தவிர இதில் வேறு விசேஷம் உண்டா?

— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மகள் பிடித்த பிடி சரி. எக்செல் 15 இலக்கம்தான் காட்டும், மிச்சத்தைப் பூஜ்யம் போட்டு நிரப்பிவிடும். உண்மையான எண் 18446744073709551615. கடைசி இலக்கத்தை அவளே சரிபார்க்கலாம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று மாறி மாறி முடியும். 64 நாலால் வகுபடுவதால் 6. ஒன்றைக் கழித்தால் 5.

விசேஷத்துக்கு வருவோம். (கேரளத்து அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்துக்கும் இதே அரிசிக் கதைதான். அங்கேயும் எண்ணின் அளவோடு நிறுத்திவிடுவார்கள்.) பள்ளியில் படித்த வர்க்க வித்தியாச வாய்பாடு, a² − b² = (a + b)(a − b), ஞாபகம் இருக்கிறதா? 2⁶⁴ − 1 என்பது (2³² + 1) × (2³² − 1). இரண்டாவதை மறுபடி அதே மாதிரி உடைக்கலாம். உடைத்துக்கொண்டே போனால் கையில் நிற்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1 என்று அடுக்கு இரட்டிப்பாகிக்கொண்டே போகும் இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். ஆறாவதான 2³² + 1-இலேயே அது உடைந்தது. 1732-இல், 25 வயதுச் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிளந்து காட்டினார். அந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும் என்பதையும் பின்னால் நிறுவினார். அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே விழுந்துவிடுகிறது! ஃபெர்மா இதைத் தவறவிட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அந்த வரிசையில் ஆறாவது பகா எண் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. தெரிந்த ஐந்தும் உங்கள் அரிசிக் கணக்குக்குள்ளேயே இருக்கின்றன.

641 வகுக்கும் என்பதை வகுக்காமலே காட்ட பின்னால் வந்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இதை 2²⁸-ஆல் பெருக்குங்கள்: 640⁴ + 2³² வரும். (640 என்பது 5 × 2⁷ அல்லவா?) ஆக இது 641-ஆல் வகுபடும். இன்னொரு பக்கம் 640⁴ − 1. நம் பழைய வாய்பாட்டின்படி அதற்குள் 640 + 1 ஒளிந்திருக்கிறது, எனவே அதுவும் வகுபடும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1.

மகளிடம் காட்டுங்கள். 6700417 பகா எண்தானா என்று அடுத்து கேட்பாள். அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2588, அதுவரை தேடினால் போதும், 64-இன் விதி அங்கேயும் செல்லும்.