நலத்திட்டம் தீட்டும்போதே தகுதியானவர்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பணம் ஒதுக்கியும் ஏழைகள் பலருக்கு உதவி போய்ச் சேர்வதில்லையே, இதைத் திட்டமிடும்போதே தடுக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அதற்கு முதலில் பயனாளிப் பட்டியலில் கை வைக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 குடும்பங்களில் 2,000 ஏழைக் குடும்பங்கள். வீடு, வாகனம், கால்நடை இவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஏழைகளைப் பிரிக்கிறோம். அந்த முறை இரு பக்கமும் 80 சதவீதம் சரி. 1,600 ஏழைக் குடும்பங்கள் உள்ளே வரும், 400 விடுபடும். மீதி 8,000-இல் 20 சதவீதம், அதாவது இன்னொரு 1,600 குடும்பங்கள் தகுதியில்லாமலே நுழைந்துவிடும். பட்டியலில் சரிபாதி தப்பு! இவர்களை வெட்ட விதியை இறுக்கினால் விடுபடும் 400 இன்னும் கூடும்.

ஆகவே எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். உணவு, தடுப்பூசி, ஆரம்பக் கல்வி ஆகியவற்றில் வருமான வரம்பே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வரம்பு தவிர்க்க முடியாதது என்றால், எல்லாரையும் சேர்த்துவிட்டு வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர் போன்றோரை மட்டும் நீக்குங்கள். வசதிக்குத்தான் ஆவணம் இருக்கும்; வறுமைக்குப் பெரும்பாலும் இருக்காது.

பட்டியல் சீக்கிரம் பழசாகிவிடும். குழந்தை பிறக்கும், கணவர் இறப்பார், குடும்பம் பிழைப்புக்கு இடம்பெயரும். பிரேசில் 2001-இல் பல நலத்திட்டங்களுக்கும் பொதுவாக ஒரே பதிவேட்டை உருவாக்கியது. அங்கே 2 ஆண்டுக்கு ஒருமுறையாவது விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். 2011 முதல், பதியாத ஏழைகளை அரசு ஊழியர்களே தேடிப்போய்ப் பதிந்தார்கள். இதற்கு ஆளும் பணமும் வேண்டும். உதவித்தொகையை மட்டும் கணக்கிட்டுக் களப்பணியை ஏற்கெனவே வேலை நிறைந்த ஊழியர் தலையில் கட்டினால் பதிவேடு மேசையிலேயே நிரப்பப்படும்.

மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். உதவியை மறுத்த அதிகாரியே மேல்முறையீட்டை விசாரிக்கக் கூடாது. 30 நாளில் பதில் வராவிட்டால் உதவி தானாகத் தொடங்கும் என்று விதியிலேயே எழுதுங்கள்.

எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் பணம் போதாதா? மெக்சிகோ 1997-இல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் புரொக்ரேசா திட்டத்தைத் தொடங்கியபோது ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320-ஐக் குலுக்கல் போல முதலில் சேர்த்தது. 186 பின்னால் சேர்ந்தன. இரண்டையும் ஒப்பிட்டதில் பிள்ளைகள் பள்ளியில் சேர்வது கூடியிருப்பது தெரிந்தது. 2000-இல் ஆட்சி மாறியும் திட்டம் நிற்கவில்லை.

கடைசியாக, விண்ணப்ப முறையை இறுதியாக்கும் முன் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தினக்கூலிப் பெண்ணோடு அலுவலகம் அலுவலகமாக நடந்து பாருங்கள். பேருந்துச் செலவையும் போன கூலியையும் கூட்டுங்கள். அது முதல் மாத உதவித்தொகையைத் தாண்டினால், பதிவு முகாமை அவர் தெருவுக்கே கொண்டுபோக வேண்டும்.