ஜீன் பட்டியலை நம்புவதற்கு முன்: வாசகர் கேள்வி-பதில்

ரத்தத்தில் ஜீன்கள் இயங்கும் அளவைப் பார்த்து நோயைக் கணிக்கும் கணினி மாடல் ஒன்று செய்தேன். காசநோயாளிகள் 30, நலமானவர்கள் 30. 20,000 ஜீன்களிலிருந்து டி-டெஸ்டில் (இரு குழுவின் சராசரியை ஒப்பிடும் சோதனை) சிறந்த 50-ஐ எடுத்தேன். 5 மடிப்பு கிராஸ்-வேலிடேஷனில் (மாதிரிகளை ஐந்தாகப் பிரித்து, நான்கில் கற்பித்து மீதி ஒன்றில் சோதிப்பதை ஐந்து முறை செய்வது) 97% துல்லியம். கட்டுரை எழுதலாமா? (தண்டையார்பேட்டை)

எழுதாதீர்கள். 60 பேரையும் பார்த்துத்தானே அந்த 50-ஐப் பொறுக்கினீர்கள்? பரீட்சைத் தாளை முன்கூட்டியே மாடலிடம் காட்டிவிட்டீர்கள். நோய்க்குச் சம்பந்தமே இல்லாத டேட்டாவிலும் 20,000-த்தில் ஆயிரம் ஜீன் பி மதிப்பு (வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே தற்செயலாக வரும். 2002-லேயே ஆம்ப்ராய்ஸ், மெக்லாக்லன் என்ற ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள். இதே தவறோடு எனக்கு வரும் கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் 48 பேரை மட்டும் வைத்து ஜீன் தேர்வு, ஸ்கேலிங் (எண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது), மாடல் எல்லாம் செய்யுங்கள். மீதி 12 பேரைப் பூட்டி வையுங்கள். பிறகு நோய் லேபிள்களைக் குலுக்கிவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள். 50% பக்கம் வர வேண்டும். 80 வந்தால் சோதனை மாதிரிகளின் தகவல் எங்கோ மாடலுக்குள் கசிகிறது. கசிந்த மாடலுக்கு ஷாப் படம் (எந்த ஜீன் மாடலின் முடிவை எவ்வளவு நகர்த்தியது என்று காட்டுவது) போட்டால் இரைச்சலுக்குத்தான் விளக்கம் கிடைக்கும். அதை நம்பி யாராவது ஆய்வகத்தில் ஒரு வருடத்தைத் தொலைப்பார்கள்.

ஷாப் பட்டியலில் எக்ஸிஸ்ட், ஆர்பிஎஸ்4ஒய்1 என்ற ஜீன்கள் முதலிடம். புதிய கண்டுபிடிப்பா? (பெரம்பூர்)

இல்லை. எக்ஸிஸ்ட் பெண்களிடம் இயங்குவது, ஆர்பிஎஸ்4ஒய்1 ஆண்களின் ஒய் குரோமோசோமில் இருப்பது. ஒரு குழுவில் ஆண்கள் அதிகம், மற்றதில் பெண்கள் அதிகம். மாடல் பாலினத்தைப் பிடித்திருக்கிறது.

ஷாப் பட்டியலில் வந்த ஜிபிபி5 ஜீன் காசநோயை உண்டாக்குகிறதா? (வியாசர்பாடி)

மாடல் எதை நம்பியது என்பதைத்தான் ஷாப் சொல்லும், நோயின் காரணத்தை அல்ல. இன்டர்ஃபெரான் (தொற்று வந்தால் உடல் சுரக்கும் புரதம்) தூண்டினால் ஜிபிபி5 ஏறும். வைரஸ் காய்ச்சலிலும் ஏறும். ஒப்பீட்டுக்கு வேறு காய்ச்சல்காரர்களையும் சேருங்கள்.

லாசோ (சில ஜீன்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விலக்கும் மாடல்) ஒவ்வொரு முறையும் வேறு ஜீன்களைத் தருகிறதே? (கொருக்குப்பேட்டை)

சேர்ந்து ஏறி இறங்கும் ஜீன்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அது கழற்றிவிடும். மாதிரிகளில் ஒரு பகுதியை மாற்றி மாற்றி எடுத்து 100 முறை ஓட்டி, 80 முறையாவது வருவதை மட்டும் பேசுங்கள். இங்கும் டெஸ்ட் மாதிரிகள் பூட்டியே இருக்கட்டும்.

என் டேட்டாவுக்கு எந்த மாடல் நல்லது? (பெயர், ஊர் இல்லை)

எந்த நோய், எந்தத் திசு, எத்தனை மாதிரி? எழுதிவிட்டுக் கேளுங்கள்.

நோயாளிகளின் ரத்தம் எண்ணூர் முகாமில் எடுத்தது. இடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் மட்டும் வைக்கும் குழாய்) ராயபுரம் லேபுக்கு வர 4 மணி நேரம். நலமானவர்களுக்கு லேபிலேயே எடுத்தோம். காம்பேட் (தொகுதிக்குத் தொகுதி வரும் வித்தியாசத்தைக் கழிக்கும் கணக்கு முறை) போட்டால் சரியாகுமா?

ஆகாது. கன்டெய்னர் லாரி நெரிசலில் குழாய் காத்திருந்த நேரமெல்லாம் உள்ளே செல்கள் உயிரோடு ஜீன்களின் இயக்க அளவை மாற்றிக்கொண்டிருந்தன. தாமதமும் நோயும் ஒரே பக்கம் ஒட்டிவிட்டன. ஒன்றைக் கழித்தால் மற்றதும் போய்விடும். மறுபடி எடுங்கள். இரு குழுவுக்கும் பாக்ஸ்ஜீன் குழாய் (ஜீன் இயக்க அளவை எடுத்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் குழாய்), 2.5 மில்லி ரத்தம், எடுத்தவுடன் 8-10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். லேபில் மாதிரிகளை வைத்து அளக்கும் ஒவ்வொரு பிளேட்டிலும் இரு குழுவின் மாதிரிகளும் இருக்கட்டும்.