எம்1 மேக்புக் ஏருக்கு மாற்று: பிரேம்வொர்க் 13 வாங்கலாமா?

வணக்கம். ஆப்பிளின் எம்1 சிப் கொண்ட உங்கள் மேக்புக் ஏர் மடிக்கணினியின் 8 ஜிபி நினைவகம் (ரேம்) போதவில்லை, அது போர்டிலேயே பதிந்திருப்பதால் கூட்டவும் வழியில்லை, இனி வாங்கும் விண்டோஸ் மடிக்கணினி பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தேவைக்கு, பாகங்களை நாமே கழற்றி மாற்றக்கூடிய பிரேம்வொர்க் 13 மடிக்கணினிதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

2021இல் வந்த அதன் முதல் மாடலை நான் வைத்திருக்கிறேன். அடிப்பக்கத்தின் ஐந்து திருகுகளைத் தளர்த்தி, காந்தத்தில் ஒட்டியிருக்கும் விசைப்பலகைப் பகுதியை மெல்லத் தூக்கினால் (அடியில் ஒரு ரிப்பன் கேபிள் இருக்கிறது, இழுத்துவிடாதீர்கள்) நினைவகம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, பேட்டரி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தேவையான ஸ்குரூடிரைவர் பெட்டியிலேயே வரும். பின்னாளில் இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலி பதிந்த மெயின்போர்டைக் (முதன்மைப் பலகை) கழற்றி, அதே உடலில் ஏஎம்டியின் ரைசன் 7040 செயலி கொண்ட போர்டைப் பொருத்தினேன். திரையும் விசைப்பலகையும் பழையவையே. ஆனால் பழைய போர்டு டிடிஆர்4 வகை நினைவகத்தையும் புதிய போர்டு டிடிஆர்5 வகையையும் ஏற்பவை என்பதால் நினைவகத்தைப் புதிதாக வாங்க நேர்ந்தது. இந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். கழற்றிய போர்டு இப்போது வீட்டுக் கோப்புகளுக்கான சர்வராக ஓடுகிறது.

பேட்டரி நேரத்தில் இது எம்1க்கு ஈடாகாது. உங்கள் ஏரில் விசிறியே இல்லை. இதிலோ வேலை கூடினால் விசிறிச் சத்தம் கேட்கும். அது ஒத்துவராதென்றால் லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மடிக்கணினியைப் பாருங்கள். அதிலும் நினைவகம் பதிந்தே வருவதால், வாங்கும்போதே 32 ஜிபி எடுத்துவிடுங்கள்.