"பிரிட்டன் அணியில் ஓட்டுவேன்" என்கிறான் மகன்: ஸ்பீட்வே பிள்ளையின் பெற்றோருக்கு

மான்செஸ்டரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 14 வயது. பெல் வூ மைதானத்தில் ஸ்பீட்வே என்ற மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போனவன், இப்போது பயிற்சித் தடத்தில் 250 சிசி வண்டி ஓட்டுகிறான். கணக்கில் கெட்டிக்காரன். என்ன ஆகப் போகிறாய் என்று பள்ளியில் கேட்டதற்கு, "பிரிட்டன் அணியில் ஓட்டுவேன்" என்றானாம். அன்றிலிருந்து அப்பா அவனோடு சரியாகப் பேசுவதில்லை. "உண்மையிலேயே அவனுக்குத் திறமை இருக்கிறதா? அணிக்கு எடுப்பார்களா? இல்லை, படிப்பும் போய் இதுவும் போய் நிற்பானா?" என்பது அம்மாவின் கேள்வி.

சகோதரி, அணிக்கு எடுப்பார்களா என்று 14 வயதுப் பிள்ளையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. யாராவது உறுதியாகச் சொன்னால், அவர் உங்களுக்கு ஒரு வண்டி விற்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16, 17 வயதில் ஓரளவு சொல்லலாம். அப்போதும் அலமாரியில் இருக்கும் கோப்பைகளை எண்ணிச் சொல்ல முடியாது. பழகிய தடத்தில் அவன் எடுக்கும் புள்ளிக்கும், முன்பின் பார்க்காத தடத்தில் எடுக்கும் புள்ளிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, அது வருடத்துக்கு வருடம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

முதலில் உங்கள் கணவருக்காகச் சில வரிகள். 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, எரிபொருள் மெத்தனால், பிரேக் கிடையாது. நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கம் மட்டுமே திரும்பும் மண் தடம், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. லீக் போட்டியில் ஒரு கிளப்புக்கு ஏழு பேர், இப்படி மொத்தம் 15 ஓட்டம்; ஒவ்வொன்றுக்கும் ஹீட் என்று பெயர். பையன் வெறும் வேகப் பைத்தியம் என்று அவர் நினைத்தால், அடுத்த முறை கேட்டுக்கு, அதாவது புறப்படும் கோட்டுக்கு, பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் ஒவ்வொருவரும் தன் இடத்துக்கு வந்ததும் பூட்ஸ் காலால் மண்ணைச் சுரண்டுவார். முன்னால் போனவர் தோண்டிய பள்ளத்தைச் சமப்படுத்துவார், அல்லது அதிலேயே பின்சக்கரத்தைப் பொருத்துவார். இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு இருக்கும்; வளைவில் அந்தக் கால்தான் தரையில் உரசிக்கொண்டே வரும். கோட்டின் குறுக்கே கட்டிய டேப் மேலே போகும் கணத்தில் கிளட்சை விட வேண்டும். ஒரு இமைப்பொழுது முந்தி டேப்பைத் தொட்டால் தண்டனை, பிந்தினால் முதல் வளைவில் மற்ற மூவர் வாரியிறைக்கும் மண் முகத்தில். பெரும்பாலான ஹீட்டுகள் அங்கேயே முடிவாகிவிடுகின்றன. துணிச்சல் இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். அந்த இடத்தில் பொறுமையாக இருக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சரி, அணித் தேர்வு. இடங்கள் எத்தனை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் என்ற போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து மூன்று பேர். தடத்தில் ஒரே நேரத்தில் ஓட்டுவது இருவர். உலகக் கோப்பை நடக்கும் ஆண்டில் ஐந்து பேர். நாடு முழுவதற்கும் அவ்வளவுதான் நாற்காலி. 2021ல் மான்செஸ்டரில், உங்கள் மகன் போகும் அதே மைதானத்தில், ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸில் பிரிட்டன் உலகப் பட்டம் வென்றது. 1989ல் இங்கிலாந்து வென்றதற்குப் பிறகு 32 ஆண்டு காத்திருந்து கிடைத்தது அது. மூன்று முறை தனிநபர் உலகச் சாம்பியனான டாய் வொஃபிண்டன் காயத்தால் விலக வேண்டிவந்தது. ராபர்ட் லாம்பர்ட், டான் பியூலி, இளையவர் டாம் பிரென்னன் ஆகியோர் சாதித்தார்கள். 2024லும் அதே மைதானத்தில் தங்கம்.

உலகச் சாம்பியன் இல்லாமலே எப்படி வென்றார்கள்? அந்தப் போட்டியின் புள்ளிக் கணக்கைப் பாருங்கள்: 4, 3, 2, 0. ஒருவர் முதலில் வந்து கூட்டாளி கடைசியில் வந்தால் 4 புள்ளி. இரண்டாவதும் மூன்றாவதுமாகச் சேர்ந்து வந்தால் 5. ஆகவே தனியாகப் பறந்துபோகிறவனைவிட, பக்கத்தில் இருப்பவனுக்கு வழிவிட்டு, எதிராளிக்கு வழியடைத்து, இருவருமாக வரத் தெரிந்தவனுக்கு மதிப்பு அதிகம். அப்போது மேலாளர்களாக இருந்த ஆலி ஆலனும் சைமன் ஸ்டெட்டும் முன்னாள் ஓட்டுநர்கள். அப்படிப்பட்டவர்கள் கண்ணுக்கு இது உடனே தெரியும். உங்கள் மகன் வென்ற ஹீட்டுகளை வீடியோ எடுக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கூட்டாளியோடு ஓட்டித் தோற்ற ஹீட்டையும் எடுங்கள். பயிற்சியாளர் அதைத்தான் கேட்பார்.

தேசிய அணி என்பது மேல் மாடி. அதற்குக் கீழே அவனுடைய தினசரிப் பிழைப்பை முடிவு செய்யப் போவது சராசரி என்ற ஒரு எண். பருவத்தில் எடுத்த புள்ளிகளோடு போனஸைக் கூட்டி, ஓட்டிய ஹீட்டுகளால் வகுத்து, நான்கால் பெருக்குவார்கள். 5 ஹீட்டில் 7 புள்ளியும் 1 போனஸும் என்றால் 6.40. சகாவுக்கு அடுத்தபடியாக, எதிராளி ஒருவரையாவது பின்னால் தள்ளி வந்தால் போனஸ். இதைக் கணக்கில் கெட்டிக்காரப் பையனுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது. ஆனால் இதில் உள்ள விசித்திரத்தைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிளப் தன் அணியைக் கட்டும்போது எல்லோருடைய சராசரியையும் கூட்டினால் அந்த ஆண்டுக்கு விதித்த வரம்பைத் தாண்டக் கூடாது. அதனால் 3 என்ற சராசரியோடு இருந்து, உண்மையில் 5க்குத் தகுதியான இளைஞனுக்குக் கிளப்புகள் அடித்துக்கொள்ளும். 6.80 வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டவர், நல்ல ஓட்டுநராக இருந்தும், மார்ச் மாதம் தொலைபேசி அடிக்குமா என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார். இந்தத் தொழிலில் வளர்ச்சி நின்றுபோவது, தரம் குறைவாக இருப்பதைவிட ஆபத்து. பல குடும்பங்கள் இதைத் தாமதமாகவே புரிந்துகொள்கின்றன.

ஏணி இப்படி: கீழே தேசிய வளர்ச்சி லீக், நடுவே சாம்பியன்ஷிப், மேலே பிரீமியர்ஷிப். பிரீமியர்ஷிப் கிளப்புகள் ரைசிங் ஸ்டார் என்ற பெயரில் இளம் பிரிட்டிஷ் ஓட்டுநருக்கு இடம் ஒதுக்கும் ஏற்பாடு சில ஆண்டுகளாக இருக்கிறது. இளைஞர்கள் பெரும்பாலும் ரிசர்வ் இடத்தில், அதாவது 6 அல்லது 7ஆம் எண்ணில் தொடங்குவார்கள். இரண்டாவது ஹீட் ரிசர்வ்காரர்களுக்கானது. அதை வெல்கிற பையனைப் பார்த்து ஊரே கைதட்டும். அதே பையன் பிறகு நான்காவது ஹீட்டில் பெரியவர்களோடு மோதும்போது என்ன செய்கிறான் என்று கவனிக்க வேண்டும்.

இப்போது வெளியூர்த் தடத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் தடங்கள் ஒன்று போல் ஒன்று இருக்காது. பெல் வூ அகலமானது, வேகமானது, வெளி ஓரமாகப் போய் முந்தலாம். இன்னொன்று குறுகலாக இருக்கும், கேட்டில் பிந்தினால் அதோடு சரி. மழை பெய்தால் ஒரு மாதிரி, தண்ணீர் வண்டி வந்துபோன பின் இன்னொரு மாதிரி. சொந்தத் தடத்தில் 9 புள்ளியும் வெளியே 2 புள்ளியும் எடுக்கிற பையன் அந்தத் தடத்தை மனப்பாடம் செய்திருக்கிறான். வீட்டில் 7, வெளியே 6 எடுக்கிறவனுக்கு மண்ணைப் படிக்கத் தெரியும். உலகப் போட்டி இன்று மான்செஸ்டர், நாளை போலந்து, அதன்பின் டென்மார்க் என்று நடக்கும். தேர்வாளருக்கு யார் வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2000ல் மார்க் லோரம் உலகச் சாம்பியன் ஆனபோது அந்த ஆண்டு ஒரு கிராண்ட் பிரீயை, அதாவது உலகச் சாம்பியன்ஷிப் சுற்றுகளில் ஒன்றைக்கூட, அவர் வென்றிருக்கவில்லை. எல்லா ஊரிலும் புள்ளி எடுத்துக்கொண்டே வந்தார், அவ்வளவுதான்.

ஹீட்டுகளுக்கு நடுவே பிட்ஸில், அதாவது வண்டிகளைச் சரிபார்க்கும் இடத்தில், மகனைப் பாருங்கள். கடைசியில் வந்து இறங்கியதும் என்ன செய்கிறான்? ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மண்ணைத் திட்டுகிறானா? வேலியோரம் போய் அடுத்த ஹீட்டில் யார் எந்த வழியில் போகிறார்கள் என்று பார்க்கிறானா? பின் ஸ்பிராக்கெட்டை (சங்கிலி ஓடும் பல்சக்கரத்தை) மாற்றலாமா, டயரைத் திருப்பிப் போடலாமா என்று மெக்கானிக்கோடு பேசுகிறானா? பதினைந்து வயதில் நான் நம்பிப் பார்க்கிற அடையாளம் இதுதான். சலிப்பில்லாமல் கேள்வி கேட்கிற பிள்ளை வளரும்.

"சின்ன வயதிலிருந்தே ஓட்டாததால் பிந்திவிட்டானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. டான் பியூலி மோட்டோகிராஸிலிருந்து ஸ்பீட்வேக்கு வந்தவர். கம்பிரியாவில் வொர்க்கிங்டன் கிளப்பில் ஓட்டி வளர்ந்தார். 2018ல் மோசமாக விழுந்து பல எலும்புகள் உடைந்தன. திரும்பி வந்து 2022ல் கார்டிஃபில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை வென்றார். ஒரு பிரிட்டிஷ்காரர் அதை வென்றது 2007ல் கிறிஸ் ஹாரிஸுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

அவர் திரும்பி வந்தார் என்று எழுதிவிட்டு மற்றதை மறைப்பது நியாயமில்லை. 2012 மே மாதம் இங்கிலாந்தின் லீ ரிச்சர்ட்சன் போலந்தின் விரோட்ஸ்வாஃபில் விழுந்து இறந்துபோனார். 2025 மார்ச்சில் வொஃபிண்டனே போலந்தின் குரோஸ்னோவில் விழுந்து உடம்பெங்கும் எலும்பு முறிந்து கிடந்தார். காற்றடைத்த தடுப்பு வேலிகள் வந்தபின் ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. உங்கள் கணவருடைய மௌனத்தில் பிடிவாதத்தைவிடப் பயமே அதிகம் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் அர்த்தமுள்ளது. அதைப் பையன் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். வாய்திறக்காமல் இருப்பதைவிட அது நல்லது. சாதாரணக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மோட்டார் பந்தயத்தை விலக்கிவிடும்; பாலிசித் தாளை வரி வரியாகப் படியுங்கள். காயமடைந்த ஓட்டுநர்களுக்கு உதவ ஸ்பீட்வே ரைடர்ஸ் பெனவலன்ட் ஃபண்ட் என்ற நிதி இருக்கிறது. ஆனால் அதை நம்பி ஒரு குடும்பம் திட்டம் போடக் கூடாது.

பண விஷயம். ஓட்டுநர் கிளப்பின் ஊழியர் இல்லை, சுயதொழில் செய்பவர். வண்டி, எஞ்சின் பராமரிப்பு, டயர், வேன், டீசல் எல்லாம் அவர் செலவு. எடுக்கும் புள்ளிக்குப் பணம். காயத்தில் படுத்தால் வருமானமும் படுத்துவிடும். மைதானங்களும் நிரந்தரம் இல்லை. உல்வர்ஹாம்டனிலும் பீட்டர்பரோவிலும் 2023 பருவத்தோடு பந்தயம் நின்றுபோனது. நல்ல பணம் போலந்தில் இருக்கிறது. லாம்பர்ட் டோருனுக்கும் பியூலி விரோட்ஸ்வாஃபுக்கும் ஓட்டிப் பெரியவர்களானது அதனால்தான். 2024 உலகச் சாம்பியன்ஷிப்பில் லாம்பர்ட் இரண்டாமிடம் பெற்றார். வாரத்தில் சில நாள் வெளிநாட்டில் கடினமான எதிரிகளோடு ஓட்டாமல் அந்தத் தரம் வந்திருக்காது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அங்கே வேலை செய்ய அனுமதிச் சீட்டு, விசா என்று தனித் தலைவலி உண்டு. அது 18 வயதில் யோசிக்க வேண்டியது. இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

படிப்புக்கு வருகிறேன். இங்கிலாந்தில் 18 வயதுவரை ஏதோ ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே "பள்ளியா, பந்தயமா" என்ற சண்டையே வீட்டில் தேவையில்லை. சிக்கல் வேறு இடத்தில். பருவம் மார்ச்சில் தொடங்கி அக்டோபர் வரை போகும். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ தேர்வுகள் மே, ஜூனில், நட்ட நடுவே. தேர்வெழுதும் ஆண்டில் ஈஸ்டர் விடுமுறையிலிருந்து ஜூன் கடைசிவரை வெளியூர்ப் பயணம் வேண்டாம், உள்ளூரில் மட்டும் ஓட்டலாம் என்று இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நல்ல பயிற்சியாளர் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாதவரை மாற்றிவிடுங்கள்.

அதன்பின் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான ஏ லெவலில் கணக்கும் இயற்பியலும் எடுத்தால் கதவுகள் திறந்தே இருக்கும். மோட்டார்ஸ்போர்ட் எஞ்சினியரிங் படிக்க ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் போன்ற பல்கலைக்கழகங்கள் உண்டு. வகுப்பறை பிடிக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் டெக்னீஷியன் அப்ரென்டிஸ்ஷிப் இருக்கிறது. சம்பளமும் வரும், தன் எஞ்சினைத் தானே பிரித்துப் பூட்டவும் வரும். விளையாட்டுப் படிப்பு என்று பொதுவாக ஒன்றில் சேர்ப்பதைவிட இது இரண்டுமே மேல் என்பது என் அபிப்பிராயம். ஓட்டுநராக நிலைக்காவிட்டாலும் இந்த உலகத்திலேயே வேலை செய்ய இடம் கிடைக்கும்.

நிறுத்துவது எப்போது என்று ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். 500 சிசிக்கு மாறி இரண்டு முழுப் பருவம் காயமில்லாமல் ஓட்டியும் வெளியூர்ப் புள்ளி அசையவில்லை என்றால், அப்போது உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு முன் பேசினால் அவன் கேட்க மாட்டான். காயத்தில் போன மாதங்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போதைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டி வந்ததும் தடம், வானிலை, எந்த கேட், என்ன கியர், எத்தனையாவது இடம் என்று அவன் கையாலேயே எழுதட்டும். கோடையில் ஸ்கன்தார்ப் போன்ற வேறொரு தடத்தில் பயிற்சிக்குப் பதிவு செய்து, வேனை ஓட்டும் வேலையை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். அக்டோபரில் பருவம் முடிந்ததும் அந்த நோட்டின் படங்களை எனக்கு அனுப்புங்கள். பள்ளியில் தேர்வு அட்டவணை வந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டியைச் சேர்ந்தே போட்டுவிடலாம்.