கணக்குங்கிறது வெறும் குறி விளையாட்டுதானா?

"அர்த்தமே இல்லாத குறிகளை விதிப்படி நகர்த்துறதுதான் கணக்கு, அவ்ளோதானே?"ன்னு கேட்டிருக்கீங்க. காலேஜ்ல யாரோ இந்தக் கருத்துக்கு ஃபார்மலிசம்னு பேரு சொல்லி ஒரு கிளாஸ் எடுத்துக் குழப்பி விட்டிருப்பாங்க போல. நான் பி.எஸ்சி. மேக்ஸோட சரி, தத்துவம் படிச்சவங்க கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. ஆனா அந்த விளையாட்ட ஒரு வருசம் நெசமாவே ஆடியிருக்கேனுங்க.

எங்கூரு கேரளாவுல, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஏழாவது வரைக்கும் தமிழ் மீடியம், எட்டாவதுல அப்பா மலையாள மீடியத்துல சேத்து விட்டுட்டாரு, அப்பத்தான் வேலை கெடைக்குமாம். பேச்சு புரியும், எழுத்து மட்டும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அல்ஜீப்ரால நான்தான் ஃபர்ஸ்ட். அஞ்ச அந்தப் பக்கம் கொண்டு போனா மைனஸ், மூணால வகுத்தா எக்ஸ் வந்துரும், இதுல தமிழென்ன மலையாளமென்ன.

அரைப் பரீட்சைல வந்துச்சு வினை. ஒரு சதுரம், சுற்றளவு 40 மீட்டர், நீளம் 12, பரப்பு எவ்ளோன்னு. சுற்றளவுக்கு அவங்களும் சுற்றளவுன்னுதான் சொல்லுவாங்க, அதனால தைரியமா 40-அ நாலால வகுத்து பத்துக்குப் பத்து 100ன்னு எழுதிட்டேன், அந்த 12 ஏதோ அச்சுப்பிழைன்னு நெனச்சுட்டு. மலையாளத்துல சதுரம்னா நம்ம செவ்வகமுங்க! நம்ம சதுரம் அங்க சமசதுரம். நீளம் 12, அகலம் 8, விடை 96. என் ஸ்டெப்புல ஒரு தப்பு கெடையாது, மார்க் மட்டும் பூஜ்யம். மாஷ்கிட்ட (வாத்தியார்தான்) போய் நின்னா "இது மலையாளம் மீடியமாணு, கேட்டோ"ன்னு ஒரே போடு.

புள்ளி, கோடு, தளம்னு சொல்ற எடத்துல மேசை, நாற்காலி, பீர் குவளைன்னு வெச்சாலும் ஜியோமெட்ரி நிக்கணும்னு ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட் சொன்னதா சொல்லுவாங்க. 1899-ல அவர் போட்ட ஜியோமெட்ரி புத்தகத்தோட போக்கும் அதுதான். அதுல தப்பில்ல, என் அல்ஜீப்ரா அப்படித்தான் ஓடுச்சு. ஆனா ஃப்ரேகேன்னு இன்னொரு ஜெர்மன் கணிதக்காரர் 1903-லயே கேட்டாரு, செஸ் காய் மாதிரி வெறும் ஆட்டம்னா அது வெளி உலகத்துக்கு எப்படி உதவுதுன்னு. அந்த வெளி உலகத்துலதான் எனக்கு மார்க் போச்சு. 1931-ல கோடெல்னு ஒரு தர்க்கவியல்காரர் வந்து, கூட்டல் பெருக்கல் கணக்கு அடங்குற அளவுக்கு முரணில்லாத விதிகள எழுதி வெச்சாலும் அதுக்குள்ள நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத கூற்று இருக்கும்னு காட்டுனது தனி அடி, அதுக்கு வேற யாராச்சும் பதில் எழுதுவாங்க.

அங்க கிளாஸ்ல, தமிழன்னு கிண்டலா, என் பேரு பாண்டி. லீவுக்குப் பொள்ளாச்சி பெரியம்மா வீட்டுக்குப் போனா, "மலையாளத்தான் வந்துட்டான், டீ போடு"ம்பாங்க. இப்பவும் அதேதான்.