முதல் ஒளிப்படக் கண்காட்சிக்குப் படங்களை எப்படித் தயார் செய்வது, என்ன விலை வைப்பது?

தூத்துக்குடி உப்பளங்களில் நான்கு ஆண்டுகளாக எடுத்த படங்களிலிருந்து 18 படங்களைத் தேர்ந்து, உள்ளூர் மண்டபம் ஒன்றில் மூன்று நாள் வைத்ததுதான் என் முதல் கண்காட்சி. அதில் கைப்பொருளை இழந்து கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

கணினித் திரை தானே ஒளிர்வது. தாளோ அறையின் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டு நான் திருத்திய படங்கள் அச்சில் இருண்டுபோய், தலையில் துண்டு கட்டிய தொழிலாளர்களின் முகங்கள் கரி அப்பியதுபோல் வந்தன. உப்புக் குவியல்களில் சிக்கல் நேர்மாறானது: வெண்மை எல்லை மீறிய இடத்தில் இங்க்ஜெட் இயந்திரம் மையே வைக்காது என்பதால், பளபளப்பான தாளில் அந்த இடம் ஓட்டை விழுந்ததுபோல் தெரிந்தது. ஆகவே எல்லாவற்றையும் அச்சுக்குக் கொடுக்கும் முன், மிக இருண்ட படத்திலும் மிக வெளுத்த படத்திலும் ஒரு துண்டை மட்டும் அச்சிட்டு, கண்காட்சி நடக்கவிருக்கும் அறையின் விளக்கின் கீழேயே வைத்துப் பாருங்கள்.

அளவைப் பொறுத்தவரை 12க்கு 18 அங்குலம் முதல் கண்காட்சிக்குத் தாராளம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா அதைத் தந்துவிடும், ஆனால் படத்தில் பாதியை வெட்டியிருந்தால் தராது.

பிரேமுக்கு நான் போனது சாமிப் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடைக்குத்தான். வேலை சுத்தம், கூலியும் நியாயம். ஆனால் அவர்கள் வழக்கப்படி கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்திவிடுவார்கள். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. இடையில் அமிலமற்ற மவுண்ட் அட்டை, அதாவது படம் தெரிய நடுவில் திறப்பு வெட்டிய தடித்த அட்டை, வைக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் 3 அங்குலம் அட்டை விட்டால் பிரேம் 18க்கு 24 ஆகும்; எல்லாப் படங்களுக்கும் அதே அளவாகவே போடுங்கள்.

இனி விலை. எனக்கு ஒரு படத்துக்கு அச்சு, அட்டை, பிரேம் எல்லாம் சேர்ந்து 2,500 ரூபாய் ஆனது. மண்டபத்தார் விற்பனையில் 30 விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அடக்கத்தின் மேல் 30 விழுக்காடு கூட்டி, 3,250 என்று எழுதி வைத்தேன். அவர்கள் கழிப்பதோ விற்ற விலையில். 975 போக என் கைக்கு வந்தது 2,275. விற்ற ஒவ்வொரு படத்துக்கும் 225 ரூபாய் நான் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்! சரியான கணக்கு பின்னாலிருந்து வர வேண்டும்: அடக்கம் 2,500, உங்கள் உழைப்புக்கு 2,000 என வைத்தால், 4,500ஐ 0.7ஆல் வகுத்து 6,500 என்று முழுமையாக்குங்கள். விற்காமல் வீடு திரும்பும் படங்களின் செலவும், படத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பிரதிகளின் செலவும் அந்த உழைப்புக் கூலிக்குள்தான் அடங்க வேண்டும் என்பதால், 2,000 என்பது பேராசை அல்ல.

ஒரே அளவுப் படங்களுக்கு ஒரே விலை வையுங்கள். மனத்துக்குப் பிடித்த படத்துக்கு மட்டும் கூட்டினால், மற்றவை மட்டமானவை என்று நீங்களே எழுதி ஒட்டியதாகிவிடும். ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதிதான் என்று முடிவு செய்தால், பென்சிலால் 1/10, 2/10 என வரிசையாக எண்ணிட்டுக் கையெழுத்திட்டு, பதினொன்றாவதை எவர் கேட்டாலும் அச்சிடாதீர்கள். “ஸ்டுடியோவில் 200 ரூபாய்க்குப் போட்டுத் தருவார்களே” என்று கேட்கும் உறவினர் கட்டாயம் வருவார். அவரோடு வாதிடாமல், பிரேம் இல்லாத 8க்கு 12 அங்குலப் பிரதிகளை 500 ரூபாய்க்குத் தனியாக வைத்திருங்கள். என்னிடம் சுவரிலிருந்து இறங்கியவை நான்கே படங்கள். மண்டபத்துக்குப் போய்வந்த வண்டி வாடகையை மீட்டுத் தந்தவை இந்தச் சிறிய பிரதிகள்தாம். மீதி 14 பிரேம்களும் ஒரே அளவு என்பதால், அடுத்த கண்காட்சிக்கு உள்ளிருக்கும் படத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன்.