ஷாக் வராத எலியும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

ஐயா, வணக்கம்.

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. உளவியல் படிக்கும் மகள், விலங்கு நடத்தையில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "எலிக்கு ஷாக் வைத்துப் பார்ப்பதெல்லாம் ஒரு படிப்பா? சோறு போடுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்டிருந்தாலும் நியாயமான கேள்விதான். ஆனால் அவர் எதில் இப்படி மனதைக் கொடுத்துவிட்டார் என்று தெரியாமல் வேலையைப் பற்றிப் பேசினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். அதனால் முதலில் அந்த எலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1953-ல் முர்ரே சிட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரு கூண்டு, தரையில் கம்பிகள், சுவரில் ஒரு நெம்புகோல். கம்பிகளில் கண நேரம் மின்சாரம் பாயும். அதற்கு முந்தைய சோதனைகளில் பெரும்பாலும் ஷாக்குக்கு முன்னால் ஒரு ஒலி கேட்கும் அல்லது விளக்கு எரியும். விலங்கு அதைக் கண்டு உஷாராகும். சிட்மன் ஒலி, விளக்கு இரண்டையும் எடுத்துவிட்டார். எலி சும்மா இருந்தால், உதாரணத்துக்கு, 5 விநாடிக்கு ஒரு ஷாக். நெம்புகோலை அழுத்தினால் அடுத்த ஷாக் 20 விநாடி தள்ளிப்போகும். அதற்குள் மறுபடி அழுத்தினால், அங்கிருந்து இன்னொரு 20 விநாடி. இடைவெளி விடாமல் அழுத்தும் எலிக்கு ஷாக்கே கிடையாது.

எலிகள் இதைக் கற்றுக்கொண்டன. அங்கேதான் சிக்கல். அழுத்தியதற்கு எலிக்கு என்ன கிடைத்தது? தீனி கிடைக்கவில்லை. பயமுறுத்தும் ஒலி நிற்கவும் இல்லை, ஒலியே இல்லையே! நடந்தது ஒன்றுமில்லை. பிறகு எது அதை அழுத்த வைக்கிறது?

அறிவிக்காத மின்வெட்டு இருந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருக்கும்போதே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி வைத்துவிடுவோம். கிட்டத்தட்ட அதே பழக்கம்தான்.

காலம் ஓடுவதே எலிக்கு எச்சரிக்கையாகிவிடுகிறது என்று 1963-ல் டக்ளஸ் ஆங்கர் விளக்கம் சொன்னார். கடைசியாக அழுத்தி நேரம் ஆக ஆக ஆபத்து நெருங்குகிறது என்று உள்ளே ஒரு பதற்றம். 1966-ல் ஹெர்ன்ஸ்டைன், ஹைன்லைன் என்ற இருவர் அந்தக் கடிகாரத்தையும் பிடுங்கிவிட்டார்கள். ஷாக் எப்போது வரும் என்பதற்குக் கணக்கே இல்லை. அழுத்திய மறுகணமும் வரலாம். அழுத்தினால் சராசரியாகக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அப்படியும் கிட்டத்தட்ட எல்லா எலிகளும் அழுத்தக் கற்றுக்கொண்டன. மொத்தத் தொல்லை குறைவதே போதுமா, உள்ளே ஒரு பயம் இருந்தாக வேண்டுமா என்ற விவாதம் அப்புறமும் ஓயவில்லை. உங்கள் மகளைப் பிடித்துக்கொண்டது இந்தக் கேள்வி. இருபது வயதில் ஒருவருக்கு இதில் ஆர்வம் வருவது நல்ல அறிகுறி என்றே நினைக்கிறேன்.

இது எலியோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஒரு நாளைக்குப் பலமுறை கை கழுவாமல் இருக்க முடியாதவரைப் பாருங்கள். கழுவியதால்தான் நோய் வரவில்லை என்று அவர் மனம் சொல்கிறது. கழுவாமல் இருந்து பார்த்தால்தானே உண்மை தெரியும்? அதைத்தான் அவர் செய்யவே மாட்டார். ஷாக்கை நிறுத்திய பிறகும் எலி வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருப்பது இதனால்தான். இவர்களுக்கான சிகிச்சையில், கழுவாமல் இருந்து பார்க்கப் படிப்படியாகப் பழக்குகிறார்கள். கடுமையான மனநோய்க்கான மருந்துகளை ஆரம்பக் கட்டத்தில் சோதிக்கவும் இப்படி ஷாக்கைத் தவிர்க்க வைக்கும் விலங்குச் சோதனைகள் பல காலமாகப் பயன்படுகின்றன.

கொடுமை இல்லையா என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. நம் நாட்டில் 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு அனுமதித்தால்தான் எலியைத் தொடவே முடியும். அந்த வேலை மனதுக்கு ஒவ்வவில்லை என்றால் விலங்கே இல்லாமலும் இந்தக் கேள்வியை ஆராயலாம்; மனிதர்களைக் கணினி முன் உட்கார வைத்து, பொத்தானை அழுத்தாவிட்டால் மதிப்பெண் குறையும்படி வைத்துச் சோதிக்கிறார்கள். சிட்மனே பின்னாளில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆய்வுக்குப் போனார். தண்டனையும் மிரட்டலும் வேண்டாம் என்று 1989-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

சரி, வேலை. பி.எஸ்சி.யோடு நின்றால் இதில் வேலை இல்லை, இதை ஒளிக்க விரும்பவில்லை. எம்.எஸ்சி. முடித்து யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால், 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பி.எச்டி. செய்யலாம். கேட் (GATE) என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்விலும் 2021 முதல் உளவியல் இருக்கிறது; ஐ.ஐ.டி.களில் ஆராய்ச்சிக்கு அது ஒரு வாசல். மூளை அறிவியல் பக்கம் போக நினைத்தால் பெங்களூரில் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸும் இந்திய அறிவியல் கழகமான ஐ.ஐ.எஸ்சி.யும் இருக்கின்றன. மருந்து ஆய்வு நிறுவனங்களுக்கும் விலங்கு நடத்தையை அளக்கத் தெரிந்தவர்கள் தேவை. சிகிச்சைப் பக்கம் திரும்பினால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும். அதற்கான படிப்புகளின் விதிகள் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. ஆர்.சி.ஐ.யின் இணையதளத்தில் பார்க்காமல் எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டாதீர்கள். ஆறு மாதத்தில் 'பிஹேவியர் தெரபிஸ்ட்' ஆக்குகிறோம் என்ற விளம்பரங்களைக் கண்டிப்பாக நம்ப வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட ஒரு விஷயம் முக்கியம்: புள்ளியியல். 1958-ல் ஜோசப் பிரேடி என்பவர் சிட்மனின் முறையைக் குரங்குகளிடம் செய்து பார்த்தார். ஜோடியில் ஒன்று அழுத்தி இரண்டுக்கும் ஷாக்கைத் தவிர்க்க வேண்டும். மற்றது சும்மா இருக்கும். அழுத்திய குரங்குக்கு வயிற்றுப் புண் வந்தது. பொறுப்பு அதிகமானால் அல்சர் வரும் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் சீக்கிரம் கற்றுக்கொண்ட குரங்குகளையே அழுத்தும் வேலைக்குப் பொறுக்கியிருந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. பின்னர் ஜே வைஸ் என்ற ஆய்வாளர் எலிகளைச் சரியாகப் பிரித்துச் செய்தபோது முடிவு தலைகீழானது: தவிர்க்க வழி இருந்த எலிக்குத்தான் புண் குறைவு. இந்தத் தவறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு ஆய்வகத்தில் மட்டுமல்ல, தரவு சார்ந்த எந்த நிறுவனத்திலும் இடம் உண்டு.

எனவே இந்த வருடமே தரவை அலச உதவும் கணினி மொழிகளான ஆர் (R) அல்லது பைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை பார்க்கட்டும். பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப டிசம்பர்தான் சரியான நேரம். அங்கே தினமும் கூண்டு கழுவி, எடை பார்த்து, எண்களைக் குறித்து வந்த பிறகும் ஆசை குறையாவிட்டால் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கலாம். ஆசை தணிந்துவிட்டால் எம்.பி.ஏ. பற்றியும் வங்கித் தேர்வு பற்றியும் மூவரும் உட்கார்ந்து பேசுவோம். வரும்போது அவருடைய புள்ளியியல் மதிப்பெண் பட்டியலை மறக்காமல் எடுத்து வாருங்கள்.